புதிய நிலம் யாருக்கு? அமெரிக்காவை உள்நாட்டுப் போருக்குத் தள்ளிய நாற்பது ஆண்டுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்று கேட்டால் இரண்டு விடைகள் சட்டென்று வரும். வடக்கு அடிமைமுறையை ஒழிக்கப் போருக்குப் போனது என்பார்கள் சிலர். மாநில உரிமையைக் காக்கத் தெற்கு பிரிந்து போனது என்பார்கள் வேறு சிலர். 1861 ஏப்ரலில் முதல் பீரங்கி முழங்கிய நேரத்து நிலைமைக்கு இரண்டுமே சரியாகப் பொருந்தாது. அடிமைமுறை நடப்பில் உள்ள மாநிலங்களில் அதில் கைவைக்க மாட்டேன் என்று லிங்கன் தம் பதவியேற்பு உரையிலேயே சொன்னார். தெற்கு மாநிலங்களோ அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் மத்திய அரசின் அதிகாரம் இன்னும் வலுவாகத் தங்களுக்கு உதவ வேண்டும் என்று கேட்டு, பெற்றும் வந்தன. அரசியலில் மோதல் முற்றியது இன்னும் மாநிலமாகாத நிலத்தின் மேல். அடிமைகளே அநேகமாக இல்லாத அந்தப் புல்வெளிகளுக்காக நாடு ஏன் இரண்டுபட்டது என்பது விளங்கினால் போரும் விளங்கும்.

முதலில் இடக்கணக்கு. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள். செனட்டில் பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற வேறுபாடு இல்லாமல் மாநிலத்துக்கு இரண்டு இடம். 1787-ல் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தில் அடிமை என்ற சொல்லே வராது. ஆனாலும் மூன்று இடங்களில் அது அடிமைமுறைக்கு அரண் கட்டியது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை காங்கிரஸ் தடை செய்யக் கூடாது. ஒரு மாநிலத்திலிருந்து தப்பி இன்னொரு மாநிலத்துக்குப் போனவரை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரை மாநிலத்தின் மக்கள்தொகையோடு சேர்க்க வேண்டும். கடைசி விதிதான் அரசியலில் மிகுந்த பலன் தந்தது. வாக்குரிமையோ எந்த உரிமையுமோ இல்லாத ஐந்து பேர், தங்களை விலைக்கு வாங்கியவரின் செல்வாக்கைக் கூட்டுவதற்கு மூன்று பேராக எண்ணப்பட்டார்கள். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் எண்ணிக்கையும் இதே கணக்கைப் பின்பற்றியதால், 1789 முதல் 1825 வரையான 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாவைச் சேர்ந்த அடிமை உரிமையாளர்களே அந்தப் பதவியில் இருந்தார்கள்.

இத்தனை சலுகை இருந்தும் பிரதிநிதிகள் சபை தெற்கின் கையை விட்டு நழுவியது. வடக்கில் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. 1819-ல் அங்கே வடக்குக்கு 105 இடம், தெற்குக்கு 81. அதன்பின் தெற்குக்கு மிஞ்சிய கோட்டை செனட் ஒன்றுதான்.

அந்தக் கோட்டையின் மேல் முதல் அடி விழுந்தது மிசூரியால். 1819-ல் மிசூரி மாநில அந்தஸ்து கேட்டபோது நாட்டில் அடிமை மாநிலங்கள் 11, அடிமைமுறை இல்லாத மாநிலங்கள் 11. நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் டால்மேட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: மிசூரிக்குள் இனி அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, அங்கே இனிப் பிறக்கும் அடிமைக் குழந்தைகளுக்கு 25 வயதில் விடுதலை. பிரதிநிதிகள் சபையில் தேறியது, செனட்டில் தோற்றது. 1820-ல் எட்டிய சமரசத்தின்படி மிசூரி அடிமை மாநிலமாகவும், மாசசூசெட்ஸிலிருந்து பிரிந்த மெய்ன் அடிமைமுறை இல்லாத மாநிலமாகவும் சேர்ந்தன. பிரான்ஸிடம் 1803-ல் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே, மிசூரி நீங்கலாக, அடிமைமுறைக்குத் தடை. தாமஸ் ஜெபர்சன் அப்போதே ஒரு கடிதத்தில், இந்தத் தகராறு நள்ளிரவில் ஒலித்த தீ எச்சரிக்கை மணிபோல் தம்மைத் திடுக்கிடச் செய்ததாக எழுதினார். ஆனாலும் ஏற்பாடு முப்பது ஆண்டுகள் தாங்கியது. ஆர்கன்சாவுக்கு மிச்சிகன், புளோரிடாவுக்கு அயோவா, டெக்சாஸுக்கு விஸ்கான்சின் என்று ஈடுகட்டிச் சேர்த்து 1848-ல் 15-க்கு 15 என்ற நிலை வந்தது.

பருத்தியும் அடிமைச் சந்தையும்

புதிய நிலத்தின் மேல் தெற்குக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? செனட் இடம் பாதி விடை. மீதி விடை பருத்தியில் இருக்கிறது. 1793-ல் ஈலை விட்னியின் பருத்தி அரைவை எந்திரம் வந்தபின் குட்டை இழைப் பருத்தியின் விதையை நீக்குவது எளிதாகி, ஜார்ஜியாவிலிருந்து டெக்சாஸ் வரை பருத்திக் காடுகள் பரவின. 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-ல் 39.5 லட்சம். அந்த ஆண்டு அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. இங்கிலாந்தின் ஆலைகள் இந்தப் பருத்தியையே பெரிதும் நம்பியிருந்தன. அந்த நிலையை மாற்றக் கிழக்கிந்தியக் கம்பெனி 1840-களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் அமெரிக்க ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்ததும் உண்டு.

பருத்தி மேற்கே நகர நகர, மனிதர்களும் அங்கே விற்கப்பட்டார்கள். வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய புகையிலைப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் அடிமைகள், குடும்பத்திலிருந்து பிரித்து, மிசிசிப்பிக்கும் லூசியானாவுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். பருத்தி பயிரிடாத வர்ஜீனியாக்காரருக்கும் இதில் லாபம், ஏனென்றால் அவர் விற்பது மனிதர்களை. 1860-ல் அடிமைகளின் மொத்தச் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல். நாட்டின் ரயில்பாதைகள், தொழிற்சாலைகள் எல்லாவற்றிலும் போட்ட முதலைவிட அதிகம். புதிய நிலம் மூடப்பட்டால் வாங்க ஆள் குறைந்து இந்தச் சொத்தின் விலை சரியும். இன்னொரு அச்சமும் இருந்தது. தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். பெருகும் அந்த எண்ணிக்கை ஒரே எல்லைக்குள் அடைபட்டால் கலகம் வெடிக்கும் என்று வெள்ளையர் நடுங்கினார்கள். தெற்கின் வெள்ளைக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்குச் சொந்தமாக ஒரு அடிமைகூட இல்லை. ஆனாலும் என்றாவது வாங்கலாம் என்ற ஆசையும், தமக்குக் கீழே ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும் என்ற நிச்சயமும், இந்த அச்சமும் அவர்களையும் தோட்ட முதலாளிகளோடு சேர்த்துக் கட்டின.

இந்தச் சொத்தைக் காக்கும் வேகத்தில் தெற்கு வெள்ளையரின் உரிமைகளிலும் கைவைத்தது. இதுதான் வடக்கின் மனத்தை மெல்ல மாற்றியது. 1835-ல் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கும்பல் தபால் நிலையத்துக்குள் புகுந்து அடிமை ஒழிப்புப் பிரசுரங்களை எடுத்துப் போய்க் கொளுத்தியது. 1836-லிருந்து 1844 வரை அடிமைமுறை பற்றிய மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதி பிரதிநிதிகள் சபையில் இருந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்து எட்டாண்டு போராடித்தான் அதை நீக்க முடிந்தது. 1837-ல் இல்லினாயின் ஆல்டன் ஊரில் எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகை ஆசிரியர் தம் அச்சு எந்திரத்தைக் காக்கப் போய்க் கொல்லப்பட்டார். கறுப்பரின் துயரம் பற்றிக் கவலைப்படாத வடக்கு விவசாயிகூட, மனு கொடுக்கும் உரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் போகிறதே என்று யோசிக்கத் தொடங்கினார்.

மெக்சிகோவிடம் பறித்த நிலம்

1846-ல் தொடங்கிய மெக்சிகோ போர் பழைய சமரசத்தின் அடித்தளத்தை ஆட்டியது. பறிக்கப்படும் நிலம் லூசியானா எல்லைக்கு வெளியே இருந்ததால் 1820-ன் கோடு அதற்குப் பொருந்தாது. போர் தொடங்கிய சில மாதங்களில், பென்சில்வேனியாவின் டேவிட் வில்மட் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர், மெக்சிகோவிடமிருந்து பெறும் எந்த நிலத்திலும் அடிமைமுறை கூடாது என்று ஒரு நிபந்தனை முன்மொழிந்தார். கறுப்பர் மேல் இரக்கப்பட்டு இதைக் கொண்டுவரவில்லை, வெள்ளைத் தொழிலாளிக்கு நிலம் வேண்டும் என்றே கேட்கிறேன் என்பதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிரதிநிதிகள் சபையில் வென்று செனட்டில் தோற்றது. அந்த வாக்கெடுப்பில் உறுப்பினர்கள் பிரிந்த விதம்தான் முக்கியம். ஜனநாயகக் கட்சி, விக் கட்சி என்று பிரியாமல், வடக்கு, தெற்கு என்று பிரிந்தார்கள். நாடு தழுவிய இரண்டு கட்சிகளும் அதுவரை இந்த மோதலுக்குள் இழுபடாமல் இரு பகுதிகளையும் பிணைத்து வைத்திருந்தன. அந்தப் பிணைப்பில் விழுந்த முதல் விரிசல் இது.

1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மக்கள் குவிந்தார்கள். மறு ஆண்டே அடிமைமுறையைத் தடைசெய்யும் அரசியல் சட்டத்தோடு கலிபோர்னியா மாநில அந்தஸ்து கேட்டது. சேர்த்தால் 16-க்கு 15. மூத்த தலைவர் ஹென்றி கிளே எல்லாவற்றையும் ஒரே மசோதாவில் கட்டிக் கொண்டுவந்தார். ஆளாளுக்கு ஏதோ ஒரு பகுதி பிடிக்காததால் அது தோற்றது. இல்லினாயின் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் அதைப் பிரித்துத் தனித்தனி மசோதாக்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெரும்பான்மையைத் திரட்டி நிறைவேற்றினார். 1850-ன் சமரசம் என்று பெயர் வைத்தாலும், ஒரு தரப்பு மறுதரப்பின் கோரிக்கைக்கு வாக்களித்தது அபூர்வம். கலிபோர்னியா சேர்ந்தது. யூட்டாவிலும் நியூ மெக்சிகோவிலும் குடியேறியவர்களே முடிவு செய்யலாம் என்றானது. தலைநகர் வாஷிங்டனில் அடிமை வியாபாரம் நின்றது. தெற்குக்குக் கிடைத்தது தப்பியோடிய அடிமைகள் சட்டம்.

அந்தச் சட்டத்தின் விதிகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தம் தரப்பில் அவரே சாட்சி சொல்ல முடியாது. உரிமை கோருபவரின் பிரமாணப் பத்திரமே போதும். தீர்ப்பு சொல்வது ஒரு கமிஷனர். பிடிபட்டவரை ஒப்படைத்தால் அவருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். ஒப்படைப்பதற்கு எழுத்து வேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். வடக்கு அதை லஞ்சம் என்றே பார்த்தது. உதவியவர்களுக்கு 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. இவற்றுக்கெல்லாம் மேல், தெருவில் போகும் எவரையும் கூப்பிட்டு, இவரைப் பிடிக்க உதவு என்று அதிகாரி கட்டளையிடலாம். அடிமைமுறை எங்கோ தெற்கில் நடப்பது என்று இருந்தவரின் வாசலுக்கே இந்தச் சட்டம் அதைக் கொண்டுவந்தது.

1854 மே 24 அன்று பாஸ்டனில் ஆன்டனி பர்ன்ஸ் என்ற இருபது வயது இளைஞர் பிடிபட்டார். வர்ஜீனியாவிலிருந்து கப்பலில் தப்பி வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். இரண்டு நாள் கழித்து அவரை விடுவிக்க ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை உடைத்தது; காவலர் ஒருவர் இறந்தார். குடியரசுத் தலைவர் பியர்ஸ் படைகளைப் பயன்படுத்த அனுமதித்தார். கமிஷனர் எட்வர்ட் லோரிங் ஒப்படைக்கும்படி தீர்ப்பளித்தார். ஜூன் 2 அன்று, ஒரே ஒரு மனிதரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக, ராணுவமும் மாநிலப் படையும் தெருவை அடைத்து நின்றன. சுமார் 50,000 பேர் இருபுறமும் கூடினார்கள். கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது, தெருவின் குறுக்கே ஒரு சவப்பெட்டி. செலவு சுமார் 40,000 டாலர் என்று மதிப்பிடப்பட்டது. ஓராண்டுக்குள் பாஸ்டன்காரர்கள் 1,300 டாலர் திரட்டி அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். முந்தின நாள் சமரசம் பேசிய வணிகர்கள் மறுநாள் அடிமை ஒழிப்பாளர்களாக எழுந்தார்கள் என்று அவர்களில் ஒருவரே எழுதினார்.

இதன் விளைவாக வடக்கு மாநிலங்கள் தனிமனித விடுதலைச் சட்டங்களை இயற்றின. பிடிபட்டவருக்கு வழக்கறிஞர், ஜூரி, மாநிலச் சிறைகளைப் பயன்படுத்தத் தடை என்று விதிகள் வந்தன. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1850-ன் சட்டமே செல்லாது என்றது. 1859-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மாநில உரிமை என்ற வாதத்தை இந்த விஷயத்தில் கையில் எடுத்தது வடக்கு. மத்திய அரசின் மேலாதிக்கத்தைக் கோரியது தெற்கு. போருக்குப் பின்னால் எழுதப்பட்ட பல விளக்கங்களில் இந்த உண்மை காணாமல் போகிறது.

கன்சாஸ்

பர்ன்ஸ் சிறையில் இருந்த அதே வாரம், மே 30 அன்று, கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தானது. டக்ளஸுக்குத் தேவைப்பட்டது சிகாகோவிலிருந்து பசிபிக் கரைக்கு ரயில். அதற்கு மிசூரிக்கு மேற்கே இருந்த நிலத்தில் அரசு நிர்வாகம் அமைய வேண்டும். அந்த நிலமோ 1820-ன் கோட்டுக்கு வடக்கே. அந்த எல்லைக்கோட்டை வெளிப்படையாக நீக்கினால்தான் வாக்களிப்போம் என்றார்கள் தெற்கு செனட்டர்கள். டக்ளஸ் இணங்கினார், அங்கே குடியேறுவோரே முடிவு செய்யட்டும் என்று எழுதினார். செனட்டில் 37-க்கு 14, பிரதிநிதிகள் சபையில் 113-க்கு 100. ஆதரித்து வாக்களித்த வடக்கு ஜனநாயகக் கட்சியினர் 44 பேரில் அடுத்த தேர்தலில் வென்று திரும்பியவர்கள் 7 பேர். விக் கட்சி சிதறியது. அதன் வடக்குப் பகுதியினரும், கோபத்தில் வெளியேறிய ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து, புதிய நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற ஒற்றைக் கோரிக்கையில் குடியரசுக் கட்சியைக் கட்டினார்கள்.

குடியேறியவர்களே தீர்மானிக்கட்டும் என்பது கேட்க நியாயமாக இருக்கும். சட்டமோ எப்போது வாக்கெடுப்பு, யார் குடியிருப்பவர், எத்தனை நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற கேள்விகளைத் திறந்தே விட்டது. 1855 மார்ச் 30 அன்று கன்சாஸில் சட்டமன்றத் தேர்தல். முந்தைய மாதக் கணக்கெடுப்பில் வாக்காளர்கள் 2,905 பேர். பதிவான வாக்குகள் 6,300-க்கு மேல். மிசூரியிலிருந்து ஆயுதத்தோடு எல்லை தாண்டி வந்து வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில். அப்படி அமைந்த சட்டமன்றம், கன்சாஸில் அடிமை வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று பேசுவதையே சிறைக் குற்றமாக்கியது. எதிர்த்தவர்கள் டொபீகாவில் தனி அரசு அமைத்தார்கள். ஒரே நிலத்தில் இரண்டு அரசுகள் என்றானபின் துப்பாக்கி பேசியது. 1856 மே 21-ல் அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் ஊர் சூறையாடப்பட்டது. மறுநாள் வாஷிங்டனில், கன்சாஸ் பற்றிக் கடுமையாகப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரை, தென் கரோலினாவின் பிரஸ்டன் புரூக்ஸ் செனட் மண்டபத்திலேயே கைத்தடியால் மயங்கி விழும்வரை அடித்தார். 24-ம் தேதி இரவு அடிமைமுறையை ஆயுதத்தால் எதிர்த்த ஜான் பிரவுனும் அவர் ஆட்களும் பொட்டவட்டமி ஓடையருகே அடிமைமுறை ஆதரவாளர்கள் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள். புரூக்ஸுக்கு நீதிமன்றம் விதித்தது 300 டாலர் அபராதம். அவர் பதவி விலகி நின்றபோது தொகுதி மக்கள் அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். புதிய கைத்தடிகள் பரிசாக வந்தன. சம்னரின் இருக்கை மூன்றாண்டுக்கு மேல் காலியாகவே கிடந்தது. 1860 கணக்கெடுப்பில் கன்சாஸில் இருந்த அடிமைகள் 2 பேர் மட்டுமே.

1857 மார்ச் 6-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை, உரிமையாளரோடு அடிமைமுறை இல்லாத இல்லினாயிலும் விஸ்கான்சின் பிரதேசத்திலும் வாழ்ந்ததால் தாம் விடுதலை பெற்றவர் என்று வழக்காடினார். தலைமை நீதிபதி ரோஜர் டேனி தலைமையில் 7-க்கு 2 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு. கறுப்பர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது. புதிய நிலங்களில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமே இல்லை. ஆக 1820-ன் கோடு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றார் டேனி. தகராறைத் தீர்த்து வைப்பதாக நினைத்த நீதிமன்றம் நடுவில் நிற்க இருந்த இடத்தையும் அழித்தது. குடியரசுக் கட்சியின் கொள்கையே சட்டவிரோதம் என்றாயிற்று. டக்ளஸின் நிலை அதைவிடச் சிக்கல்: காங்கிரஸுக்கே இல்லாத அதிகாரம் அது உண்டாக்கிய பிரதேச சட்டமன்றத்துக்கு எப்படி இருக்கும்? 1858-ல் இல்லினாயின் பிரீபோர்ட்டில் குடியரசுக் கட்சியின் லிங்கன் இந்தக் கேள்வியைக் கேட்டார். உள்ளூர்ப் பாதுகாப்புச் சட்டங்கள் இல்லாமல் அடிமைமுறை ஒரு நாளும் நிலைக்காது, மக்கள் அந்தச் சட்டங்களை இயற்றாமல் விட்டால் போதும் என்றார் டக்ளஸ். இந்தப் பதிலுக்குத் தெற்கு அவரை மன்னிக்கவில்லை. அவர்கள் அடுத்துக் கேட்டது, புதிய நிலங்களில் அடிமைமுறையைக் காக்க மத்திய அரசே சட்டம் கொண்டுவர வேண்டும் என்று.

1859 அக்டோபரில் ஜான் பிரவுன், அடிமைகளைத் திரட்டிக் கலகம் மூட்ட, 21 பேரோடு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இருந்த மத்திய அரசின் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினார். இரண்டே நாளில் முறியடிக்கப்பட்டு டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். வடக்கின் சில ஊர்களில் அன்று தேவாலய மணிகள் ஒலித்ததைக் கேட்ட தெற்கு, வடக்கு முழுவதுமே பிரவுன்தான் என்று முடிவு கட்டியது.

1860

அந்த ஆண்டு ஏப்ரலில் ஜனநாயகக் கட்சி மாநாடு, அதுவும் சார்ல்ஸ்டனில், கூடியது. மத்திய அடிமைச் சட்டக் கோரிக்கை தோற்றதும் தெற்கின் கோடிப் பருத்தி மாநிலங்களின் பேராளர்கள் வெளிநடப்பு செய்தார்கள். வேட்பாளருக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது கட்சி விதி. 57 சுற்று வாக்கெடுப்பிலும் டக்ளஸால் அதை எட்ட முடியவில்லை. கடைசியில் வடக்குப் பிரிவு டக்ளஸையும், தெற்குப் பிரிவு பிரெக்கின்ரிட்ஜையும் நிறுத்தின. எஞ்சிய பழைய விக்குகள் ஜான் பெல்லை நிறுத்தினார்கள். நாடு தழுவிய கடைசிக் கட்சியும் உடைந்தது.

எதிரிகள் பிரிந்ததால்தான் லிங்கன் வென்றார் என்று பலர் சொல்வதுண்டு. கணக்கு வேறு சொல்கிறது. மொத்தத் தேர்வாளர் வாக்கு 303, பெரும்பான்மைக்கு 152. லிங்கன் பெற்றது 180. மூன்று எதிரிகளின் வாக்கும் ஒருவருக்கே விழுந்திருந்தாலும் கலிபோர்னியா, ஓரிகன், நியூ ஜெர்சி ஆகியவற்றில் 11 குறைந்து 169 இருந்திருக்கும். மக்கள் வாக்கில் அவருக்கு 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. பத்துத் தெற்கு மாநிலங்களில் அவர் பெயரில் வாக்குச் சீட்டே இல்லை. ஒரு தெற்கு மாநிலத்தின் துணையும் இல்லாமல் வடக்கு மட்டுமே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது நிரூபணமாயிற்று. செனட்டிலோ மின்னசோட்டாவும் ஓரிகனும் சேர்ந்து 18-க்கு 15. பிரதிநிதிகள் சபை, செனட், குடியரசுத் தலைவர் பதவி என்று ஒவ்வொன்றாகப் போனபின், தெற்கு பிரிவினையைக் கையில் எடுத்தது.

டிசம்பர் 20-ல் தென் கரோலினா மாநாடு 169-க்கு 0 என்று பிரிவினையை ஏற்றது. அதன் அறிக்கையில் முதன்மையான குறை, வடக்கு மாநிலங்கள் தப்பியோடியவர்களை ஒப்படைக்க மறுத்தது. தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று மிசிசிப்பி நேரடியாகவே எழுதியது. பிப்ரவரி முதல் தேதிக்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. கென்டக்கியின் ஜான் கிரிட்டென்டன் கடைசி முயற்சியாக 1820-ன் கோட்டைப் பசிபிக் வரை நீட்டி, அதற்குத் தெற்கே இனிமேல் பெறும் நிலத்திலும் அடிமைமுறைக்குக் காப்பு தர முன்மொழிந்தார். பரவுவதை அனுமதிக்கும் எதையும் ஏற்க வேண்டாம் என்று லிங்கன் தம் கட்சியினருக்குக் கடிதம் எழுதினார். அனுமதித்தால் கியூபா, மெக்சிகோ என்று தெற்கு நிலம் தேடிப் போகும், அதே சண்டை திரும்ப வரும் என்பது அவர் கணக்கு. அதேசமயம், மாநிலங்களுக்குள் உள்ள அடிமைமுறையை மத்திய அரசு ஒருபோதும் தொடாது என்ற அரசியல் சாசனத் திருத்தத்தைக் காங்கிரஸ் 1861 மார்ச்சில் நிறைவேற்றியது. பிரிந்த ஏழில் ஒன்றுகூட அதற்காகத் திரும்பவில்லை.

ஏப்ரல் 12-ல், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மத்திய அரசின் கையில் இருந்த சம்டர் கோட்டையைத் தெற்குப் படை தாக்கியது. லிங்கன் 75,000 படைவீரர்களைக் கேட்டதும் வர்ஜீனியா, ஆர்கன்சா, டென்னசி, வட கரோலினா ஆகியவையும் பிரிந்தன. யார் எப்போது போனார்கள் என்பதை அடிமைகளின் விழுக்காட்டோடு வைத்துப் பார்த்தால் வரிசை தெளிவாகத் தெரியும். முதலில் போன ஏழு மாநிலங்களில் மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அடிமைகள். பின்னர் போன நான்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. போகாமல் நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரியில் அதிலும் பாதிதான். டெலவேரில் 1,800 பேர்கூட இல்லை. வர்ஜீனியாவுக்குள்ளேயே, அடிமைகள் குறைவாக இருந்த மேற்கு மலை மாவட்டங்கள் பிரிவினைக்கு எதிராகத் திரும்பி, 1863 ஜூனில் மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலமாக ஒன்றியத்தோடு சேர்ந்துகொண்டன.